கடல் கடந்த வலக்கை

நவம்பர் மாதம் நெருங்கிவிட்டால் நம் பங்கில் கல்லறைத் தோட்டத்துக்கு வெள்ளையடிக்கும் வேலை தொடங்கிவிடும். முதல் நாள் சகல புனிதர்களின் திருநாள். மறுநாள் இறந்த விசுவாசிகளின் நினைவு நாள். மெழுகுதிரியும் பூமாலையுமாக நாம் குடும்பம் குடும்பமாகப் போவோம். குருவானவர் கல்லறை கல்லறையாகத் தீர்த்தம் தெளித்து வருவார். மேல்நாடுகளிலே இந்தத் திருநாளுக்கு முந்திய இரவில், அதாவது அக்டோபர் 31-ல், பிள்ளைகள் எலும்புக்கூடு வேடம் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பயமுறுத்தி மிட்டாய் வாங்குவார்களாம். நம் பிள்ளைகளுக்கு அந்த வேடிக்கை அவ்வளவாகப் பழக்கமில்லை. ஆனால் கேட்டவுடன் மயிர்க்கூச்செறியக்கூடிய ஒரு நவம்பர் நிகழ்ச்சி நம் சொந்த விசுவாச வரலாற்றிலேயே இருக்கிறது. அதற்கு வேடமும் வேண்டாம், கற்பனையும் வேண்டாம்.

1614-ஆம் ஆண்டு நவம்பர் 3. கல்லறைத் திருநாளுக்கு மறுநாள். கோவா நகரிலே, இறந்து ஏறக்குறைய 62 ஆண்டுகள் ஆகிவிட்ட ஒருவருடைய உடலிலிருந்து வலக்கையை முழங்கையோடு வெட்டி எடுத்தார்கள். வெட்டியவர்கள் பகைவர்கள் அல்லர். அவருடைய சபைச் சகோதரர்களே. வெட்டும்படி கட்டளை வந்தது ரோமையிலிருந்து. வெட்டப்பட்டது புனித பிரான்சிஸ் சவேரியாரின் கை.

இந்த யூபிலி மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று கேட்கப்பட்டபோது, ஆலயம் கட்டிய கதையையும் மணிக்கூண்டு எழும்பிய கதையையும் மற்றவர்கள் எழுதிவிடுவார்கள் என்று எண்ணி, நாம் இதை எடுத்துக்கொண்டோம். அதற்கு ஒரு காரணம் உண்டு. 2024 நவம்பர் 21 முதல் 2025 சனவரி 5 வரை கோவாவில் புனிதரின் திருவுடல் பொது வணக்கத்துக்கு வைக்கப்பட்டபோது, நம் பங்கிலிருந்து ஒரு கூட்டம் போய் வந்தது. நாமும் அதில் இருந்தோம். நீண்ட வரிசையில் நின்று, வெள்ளிப் பேழையைக் கடந்து, வெளியே வந்து மர நிழலில் கட்டுச்சோற்றை அவிழ்த்தபோது, கூட வந்திருந்த ஒரு சிறுவன் தன் பாட்டியிடம், "பாட்டி, அவருக்கு ஒரு கை இல்லையாமே, யார் வெட்டினா?" என்று கேட்டான். பாட்டி, "சும்மா இருலே, சாமியாரைப் பத்தி அப்படியெல்லாம் பேசக் கூடாது" என்று அடக்கிவிட்டார். பெரியவர்களாகிய நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை. பாதிப் பேருக்கு விடை தெரியாது. தெரிந்தவர்களுக்குச் சொல்லக் கூச்சம். அந்தப் பையனுக்குச் சொல்லாமல் விட்ட விடைதான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்தக் கை யாருக்காக உழைத்தது என்று பார்ப்போம். ஏனென்றால் அது நம்மைத் தொட்ட கை.

1506-ல் ஸ்பெயின் நாட்டு நவார் பகுதியில் சவேர் கோட்டையில் பிறந்த பிரான்சிஸ், 1542 மே மாதம் கோவாவில் வந்து இறங்கினார். அந்த ஆண்டு முடிவதற்குள்ளாகவே முத்துக்குளித்துறைக்கு வந்துவிட்டார். அங்கே அவருக்கு முன்பே, 1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில், ஏறத்தாழ 20,000 பேர் திருமுழுக்குப் பெற்றிருந்தார்கள். ஆனால் அவர்களுக்குப் போதிக்க யாரும் நிலையாகத் தங்கவில்லை. தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. சவேரியாருக்கோ தமிழ் தெரியாது. அவர் என்ன செய்தார் என்றால், இரு மொழியும் ஓரளவு அறிந்தவர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு, சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள், பரலோக மந்திரம், மங்கள வார்த்தை மந்திரம் ஆகியவற்றைத் தமிழில் எழுதி வாங்கி, பள்ளிப்பிள்ளை மாதிரி மனப்பாடம் செய்தார். பிறகு கையில் ஒரு மணியை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாக அடித்துப் பிள்ளைகளைக் கூட்டினார். நாளுக்கு இரண்டு தடவை, ஒரு மாதம் விடாமல் சொல்லிக் கொடுத்தார். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ப் பெற்றோருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். நம் கடற்கரையின் ஞானோபதேச வகுப்பு இப்படித்தான் நடந்தது.

அந்தத் தமிழ் எப்படி இருந்தது என்பதற்கு ஒரு சான்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1544-ல் தம் துணைவராகிய மன்சிலாசுக்கு எழுதிய கடிதம் ஒன்றில், விசுவாசப் பிரமாணத்தில் 'எனக்கு வேணும்' என்று சொல்லி வந்ததை மாற்றி 'விசுவாசம்' என்ற சொல்லைப் போடும்படி சவேரியார் திருத்தி அனுப்பியிருக்கிறார். அதாவது, நம் முன்னோர் கடவுளை விசுவசிக்கிறேன் என்று சொல்ல வேண்டிய இடத்தில் கடவுள் எனக்கு வேணும் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள்! இலக்கணப்படி அது பிழைதான். ஆனால் அந்தப் பிழையைப் படிக்கும்போது நமக்குச் சிரிப்பைவிட வேறு ஏதோ ஒன்று தொண்டையில் வந்து நிற்கிறது.

1544 சனவரி 15-ஆம் நாள் கொச்சியிலிருந்து ரோமையிலுள்ள தம் தோழர்களுக்கு அவர் நீண்ட கடிதம் ஒன்று எழுதினார். இந்தக் கட்டுரைக்கு உயிர்நாடியே அந்தக் கடிதத்தின் ஒரு செய்திதான். மனந்திரும்பி வருகிறவர்களின் கூட்டம் அவ்வளவு பெரிதாக இருப்பதால், திருமுழுக்குக் கொடுத்துக் கொடுத்துத் தம் கைகள் பல தடவை களைத்துப் போவதாகவும், மக்களின் மொழியிலே விசுவாசப் பிரமாணத்தையும் கட்டளைகளையும் திரும்பத் திரும்பச் சொல்லிக் குரல் அடைத்துப் போவதாகவும் அவர் அதில் தெரிவித்தார். சில நாட்களில் ஒரு கிராமம் முழுவதுக்குமே திருமுழுக்குக் கொடுத்ததாகவும் எழுதினார். அதே 1544-ன் பிற்பகுதியில் திருவிதாங்கூர்க் கடற்கரைக்குப் போனவர், ஒரே மாதத்தில் பதினாயிரத்துக்கும் அதிகமானோருக்குத் திருமுழுக்கு அளித்ததாக அடுத்த சனவரியில் எழுதினார். ஒவ்வொருவருக்கும் புதுப் பெயரை எழுதியும் கொடுத்திருக்கிறார். நீர் ஊற்றிய கையே பெயரையும் எழுதியது.

பதினாயிரம் தலைகள், பதினாயிரம் பெயர்ச் சீட்டுகள்! கடற்கரை வெயிலில் ஒரு மாதம். மீன் வலையை நாள் முழுதும் இழுத்துப் பழகிய நம்மவர்களுக்குக் கை களைப்பது என்றால் என்னவென்று தெரியும். களைத்தது பேச்சுக்காகச் சொன்னது அல்ல என்பதையும் அவர்கள் அறிவார்கள்.

இனிக் கதை கடலைத் தாண்டிப் போகிறது. மலாக்கா, மொலுக்கஸ் தீவுகள், 1549-ல் ஜப்பான் என்று பல ஆண்டுகள் அலைந்த பிறகு, சீன நாட்டுக்குள் நுழைய வழி பார்த்துக்கொண்டு சான்சியான் என்ற தீவில் காத்துக் கிடந்தார். அங்கே காய்ச்சல் கண்டு 1552 டிசம்பர் 3-ஆம் நாள் விடியுமுன் இறந்தார். வயது 46. அருகில் இருந்தவர் கோவாவில் படித்த அந்தோனியோ என்ற சீன இளைஞர். நல்ல குளிர் காலம். அடக்கத்துக்கு வந்தவர்கள் நால்வரே. நம் ஊரில் ஒரு சாதாரணக் குடிமகன் இறந்தால்கூட அதைவிடப் பெரிய கூட்டம் வரும்.

இந்த இடத்திலிருந்துதான் உடலின் வரலாறு தொடங்குகிறது. என்றாவது ஒரு நாள் எலும்புகளையாவது இந்தியாவுக்குக் கொண்டுபோக வேண்டும் என்ற எண்ணத்தில், சதை விரைவாகக் கரைந்து போகட்டும் என்று பெட்டிக்குள் உடலுக்குக் கீழும் மேலும் சுட்ட சுண்ணாம்பைக் கொட்டினார்கள். 1553 பிப்ரவரி 17-ல், கப்பல் புறப்படுகிற சமயம், குழியைத் தோண்டிப் பார்த்தபோது உடல் கெடாமல் இருந்தது. பார்க்கப் போன ஆள், கப்பல் தலைவன் நம்ப வேண்டுமே என்பதற்காக, முழங்காலுக்கு அருகில் ஒரு சிறு துண்டுச் சதையை அறுத்துக்கொண்டு போய்க் காட்டினானாம். சவேரியாரின் உடலில் விழுந்த முதல் வெட்டு இது. அது பக்தியால் விழுந்ததல்ல, சாட்சிக்காக விழுந்தது.

சுண்ணாம்பைப் பற்றி ஒரு வார்த்தை. சுண்ணாம்பு சதையை அரித்துவிடும் என்பது அக்காலத்தவர்கள் உறுதியாக நம்பிய ஒன்று. பிற்கால ஆய்வுகளோ, அது ஈரத்தை உறிஞ்சி அழுகலைத் தாமதப்படுத்தவும் கூடும் என்று கண்டிருக்கின்றன. இதைச் சொல்வதால் நம் பக்தி குறைந்துவிடாது. உடல் அழியாதிருப்பது ஒன்றே ஒருவரைப் புனிதராக்கிவிடாது என்பது திருச்சபையின் போதனைதான். ஆனால் அடுத்து நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். 1553 மார்ச் 22-ல் உடல் மலாக்கா வந்து சேர்ந்தது. அங்கே மலைமேல் இருந்த மாதா கோவிலில், பெட்டியும் இல்லாமல், சுண்ணாம்பும் இல்லாமல், வெறும் மண்ணிலே வைத்து மூடினார்கள். வெட்டிய குழி நீளம் போதவில்லை. தலையை வளைத்து அமுக்கி வைத்தார்கள். மாதாவின் விண்ணேற்புத் திருநாளன்று, ஆகஸ்டு 15-ல், இரவில் இரகசியமாக மீண்டும் தோண்டிப் பார்த்தார்கள். ஐந்து மாதம் ஈர மண்ணில் கிடந்தும் உடல் அப்படியே இருந்தது என்று பார்த்தவர்கள் சாட்சி சொன்னார்கள். அவர் உயிரோடிருந்தபோது சீனப் பயணத்துக்கு இடையூறு செய்த அதிகாரி ஆண்ட ஊர் அது. மரணத்துக்குப் பிறகும் அந்த ஊர் அவருக்கு ஒரு நேரான குழியைக் கொடுக்கவில்லை.

1554 மார்ச் 16, குருத்து ஞாயிற்றுக்கு முந்திய வெள்ளிக்கிழமை, உடல் கோவா வந்து சேர்ந்தது. அரசப் பிரதிநிதி முதல் அடிமை வரை கரையில் கூடிவிட்டார்கள். கோவில் தாங்காத கூட்டம். நாட்கணக்கில் உடலைத் திறந்து வைக்க வேண்டியதாயிற்று. அரசப் பிரதிநிதியின் வைத்தியர் சராய்வா என்பவர் உடலைச் சோதித்து, குடல்கள் உள்ளே அப்படியே இருக்கின்றன, தைலமிட்டுப் பதப்படுத்திய அடையாளம் ஒன்றுமில்லை என்று சாட்சியம் எழுதிக் கொடுத்தார்.

பாதத்தை முத்தி செய்ய வந்த கூட்டத்தில் ஒரு போர்ச்சுக்கீசியப் பெண்மணி குனிந்து, முத்தமிடுவதுபோல, ஒரு கால்விரலைக் கடித்து எடுத்து வாய்க்குள் அடக்கிக்கொண்டு போய்விட்டாள் என்று கோவாவில் வழிவழியாகச் சொல்கிறார்கள். இதைக் கேட்டு முகம் சுளிக்காதவர்கள் இருக்க மாட்டார்கள். நாமும் சுளித்தோம். பிறகு யோசித்துப் பார்த்தோம். நோயுற்ற பிள்ளைக்காகவோ கடலுக்குப் போன கணவனுக்காகவோ வேண்டி வந்த ஒருத்தியாக அவள் இருந்திருந்தால்? அவள் மனத்தில் என்ன இருந்தது என்பது அவளுக்கும் ஆண்டவருக்கும் தெரியும். ஆனால் கடித்து எடுத்தது திருட்டு என்பதை மட்டும் மறைக்க வேண்டியதில்லை.

இங்கே சற்று நின்று, புனிதர்களின் எலும்பின்மீது நமக்கு ஏன் இத்தனை ஆசை என்று பார்ப்பது நல்லது. மற்ற சமயத்தைச் சேர்ந்த நம் அண்டை வீட்டார் இதைத்தான் நம்மிடம் வியப்போடு கேட்கிறார்கள். தீட்டு என்று மற்றவர்கள் ஒதுக்கும் எலும்பை நீங்கள் பீடத்தில் வைக்கிறீர்களே என்பார்கள். கேள்வி நியாயமானதுதான். இரண்டாம் நூற்றாண்டிலேயே, வேதசாட்சியாக எரிக்கப்பட்ட ஆயர் பொலிக்கார்ப்பின் எலும்புகளை விசுவாசிகள் பொறுக்கி எடுத்து விலையேறப் பெற்ற பொருளாகக் காத்தார்கள். உடல் உயிர்த்தெழும் என்று விசுவசிக்கிறவனுக்குச் செத்த உடல் குப்பையல்ல. 787-ல் நிசேயாவில் கூடிய சங்கம், கோவிலை அபிஷேகம் செய்யும்போது திருப்பண்டம் வைக்க வேண்டும் என்று விதித்தது. நம் பழைய பீடத்தின் நடுவில் பதித்திருந்த கல்லைப் பூசை உதவிப் பிள்ளைகளாக இருந்த பெரியவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். அதன் குழிக்குள்ளே ஒரு துளி திருப்பண்டம் இருக்கும். அருளிக்கம் என்று நம் பாட்டிமார் அதைச் சொல்லுவார்கள்.

நாம் எல்லாரும் செவ்வாய்க்கிழமை தேடிப் போகிற புனித அந்தோனியாரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1263-ல் அவர் கல்லறையைத் திறந்தபோது நாக்கு மட்டும் அழியாமல் இருந்ததாகச் சொல்லி, அதைத் தனியே எடுத்து வைத்தார்கள். பதுவை நகரில் அது இன்றும் இருக்கிறது. சியன்னா நகரில் புனித கத்தரீனாவின் தலை இருக்கிறது. உடல் ரோமையில் இருக்கிறது. போதகருக்கு நாக்கு என்றால், திருமுழுக்குக் கொடுத்தவருக்கு எது? அந்தக் காலத்தவர்கள் கணக்கு இதுதான்.

ஆனால் ஆசை என்பது அளவு தெரியாதது. ஊருக்கு ஒரு துண்டு, கோவிலுக்கு ஒரு துண்டு என்று போட்டி வந்தது, விற்பனையும் வந்தது, பொய்த் திருப்பண்டங்களும் வந்தன. 1563-ல் திரிதெந்தீன் சங்கம் திருப்பண்ட வணக்கத்தைக் காத்துப் பேசிய அதே மூச்சில், அதைச் சுற்றி வளர்ந்த மூடப்பழக்கத்தையும் பண ஆசையையும் கண்டித்தது. இரண்டும் உண்மையாக இருந்ததால்தான் இரண்டையும் சொன்னது.

வேடிக்கை என்னவென்றால், வெட்டியெடுத்துக் கழுத்தில் கட்டிக்கொள்ளும் இந்த அன்பு சவேரியாருக்கும் தெரிந்ததுதான். தம் தோழர்களிடமிருந்து வரும் கடிதங்களில் அவர்கள் கைப்பட எழுதிய பெயர்களை மட்டும் வெட்டி எடுத்து, தாம் கொடுத்த வார்த்தைப்பாட்டுச் சீட்டோடு சேர்த்து எப்போதும் தம்மோடு வைத்திருப்பதாக 1546-ல் அம்போயினா தீவிலிருந்து எழுதினார். பல ஆயிரம் கல் தொலைவுக்கு அப்பால் இருக்கிறவர்களைத் தொட்டுக்கொண்டிருக்க அவருக்கு வேறு வழி இல்லை.

இனி அந்த நவம்பர் நாளுக்கு வருவோம். புனிதர் பட்டத்துக்கான விசாரணைகள் நடந்துகொண்டிருந்த காலம். போர்ச்சுக்கீசிய மன்னர் கட்டளைப்படி 1556-57-லேயே கோவா, கொச்சி, மலாக்கா முதலிய இடங்களில் சாட்சிகளை விசாரித்து எழுதிவிட்டார்கள். ரோமையிலிருந்த சேசு சபைத் தலைவர் கிளாவுதியோ அக்குவாவீவா, வலக்கையை அனுப்பும்படி கட்டளையிட்டார். எலும்பு வேண்டும் என்று பொதுவாகக் கேட்கவில்லை; தலையைக் கேட்கவில்லை; இதயத்தைக் கேட்கவில்லை. வலக்கையைக் கேட்டார். எத்தனையோ ஆயிரம் பேர் தலைமேல் நீர் ஊற்றிய கை என்று அந்நாளில் ஐரோப்பா முழுவதும் பேசப்பட்ட கை அதுவே. கடிதத்தில் களைத்துப் போனதாகப் படித்த கையைக் கண்ணால் பார்க்க ரோமை ஆசைப்பட்டது.

கோவாவில் இருந்தவர்களுக்கு இது எளிதாக இருந்திருக்காது. கீழ்ப்படிதல் வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள் வேறென்ன செய்வார்கள்! முழங்கையில் வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் இரத்தம் கசிந்தது என்று அக்காலத்தவர் பதிந்திருக்கிறார்கள். கை கப்பலேறி நன்னம்பிக்கை முனையைச் சுற்றி ஐரோப்பா போயிற்று. வழியில் கடற்கொள்ளையர் துரத்தியபோது கப்பல் தலைவன் கையை உயர்த்திக் காட்ட எதிரிக் கப்பல் நின்றுவிட்டது என்று ஒரு கதையும் உண்டு. கதையைக் கதையாகவே வைத்துக்கொள்வோம். கட்டளையிட்ட அக்குவாவீவா 1615 சனவரி 31-ல், அதாவது வெட்டி மூன்று மாதம் முடியுமுன்பே, இறந்துபோனார். கோவாவிலிருந்து லிஸ்பன் சேரவே கப்பலுக்கு ஆறு மாதம் பிடிக்கிற காலம் அது. தாம் கேட்ட கையைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

1619-ல் சவேரியார் முத்திப்பேறு பெற்றவராகவும், 1622 மார்ச் 12-ல் புனிதராகவும் உயர்த்தப்பட்டார். வெட்டியது முன்கையை மட்டுமே. மீதியிருந்த மேற்கையும் நிம்மதியாக விடப்படவில்லை. அதன் பகுதிகளும் கிழக்கு நாடுகளிலிருந்த சபை இல்லங்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டன. ஜப்பானுக்கென்று புறப்பட்ட எலும்பு, அங்கே கிறிஸ்தவர்களுக்கு எதிராகக் கடும் கலாபனை நடந்ததால் போய்ச் சேர முடியாமல் மக்காவ் நகரிலேயே தங்கிவிட்டது. பின்னர் உள்ளுறுப்புகளையும் எடுத்துப் பங்கிட்டார்கள். 1637-ல் கோவாத் தட்டார்கள் செய்த அழகிய வெள்ளிப் பேழைக்குள் போனது, இவ்வளவுக்கும் பிறகு எஞ்சியிருந்த உடல்தான்.

இவ்வளவு வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்றுதான் நமக்குச் சொல்லத் தோன்றுகிறது. கை போனதை ஓரளவு புரிந்துகொள்ள முடிகிறது. துண்டு துண்டாகப் பங்கு போட்டதைப் புரிந்துகொள்ள நாம் மிகவும் முயல வேண்டியிருக்கிறது. திருச்சபையும் பின்னர் கதவை இறுக்கிக்கொண்டுதான் வந்திருக்கிறது. 1983-ல் வெளியான சட்டத்தொகுப்பு, திருப்பண்டங்களை விற்பதை அடியோடு தடை செய்கிறது. முக்கியமான திருப்பண்டங்களைத் திருப்பீடத்தின் அனுமதியின்றி நிலையாக இடம் மாற்றவும் கூடாது. 2017-ல் வந்த அறிவுறுத்தல் ஒன்று, உரிய அனுமதி இல்லாமல் புனிதர்களின் உடலைப் பிரிக்கலாகாது என்று சொல்கிறது.

கோவா உடலைப் பற்றி மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1759-ல் போர்ச்சுக்கீசிய ஆட்சிப் பகுதிகளிலிருந்து சேசு சபையார் வெளியேற்றப்பட்டபோது, உண்மையான உடலை அவர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று ஊரில் வதந்தி கிளம்பியது. அதை அடக்குவதற்காகத்தான் 1782-ல் உடலை வெளியே வைத்து எல்லாருக்கும் காட்டினார்கள். நாம் பேருந்து பிடித்துப் போய் வருகிற அந்தப் பெரிய விழா, ஒரு வதந்தியால் பிறந்தது! 1890-ல் நடந்த காட்சியின்போது மற்றொரு கால்விரல் தானாகவே கழன்று விழ, அதை எடுத்துப் பேழையில் வைத்தார்கள். இப்போதோ கண்ணாடிக்குள்ளே வைத்துத்தான் காட்டுகிறார்கள். கடிக்க வழியில்லை.

ரோமை போன கையோ ஒரு இடத்தில் உட்கார்ந்திருக்கவில்லை. 1949-ல், சவேரியார் ஜப்பானில் கால் வைத்து 400 ஆண்டு நிறைந்தபோது, அது ஜப்பானுக்குப் போயிற்று. அணுகுண்டு விழுந்து நான்கே ஆண்டு ஆகியிருந்த நாடு அது. 2012-ல் ஆஸ்திரேலியா போயிற்று. 2018 சனவரியில் கனடா நாட்டில் நகர் நகராகச் சுற்றியது. அப்போது சரக்கோடு சரக்காக ஏற்றாமல், விமானத்தில் அதற்கென்று ஒரு தனி இருக்கைக்குச் சீட்டு வாங்கினார்களாம். உயிரோடிருந்த நாளில் கப்பல் தளத்தில் ஏழைகளோடு படுத்து வந்த மனிதரின் கைக்கு!

பாட்டியால் அடக்கப்பட்ட அந்தச் சிறுவனுக்கு இன்னும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது.

1540 மார்ச்சில் சவேரியார் ரோமையை விட்டுப் புறப்பட்டபோது, தம் ஞானத் தந்தையாகிய இஞ்ஞாசியாரிடம் விடைபெற்றார். அதன் பிறகு இருவரும் பார்த்துக்கொள்ளவே இல்லை. கடிதங்கள் மட்டும் போய்வந்தன. அவையும் ஆண்டுக்கணக்கில் கடலில் கிடந்து வந்தன. 1553 சூன் 28-ஆம் நாள் இஞ்ஞாசியார் ஒரு கடிதம் எழுதி, ஐரோப்பாவுக்குத் திரும்பி வரும்படி சவேரியாருக்குக் கட்டளையிட்டார். அந்த நாளில் சவேரியார் இறந்து ஏறக்குறைய ஏழு மாதம் ஆகியிருந்தது. அவர் உடல் மலாக்காவில், நீளம் போதாத அந்தக் குழிக்குள்ளே, கழுத்து வளைந்து கிடந்தது. இஞ்ஞாசியாருக்கு அது தெரியாது.

நம் பங்கினர் யாராவது ரோமைக்குத் திருயாத்திரை போனால், சேசுவின் திருநாமக் கோவிலுக்குக் கட்டாயம் போய் வாருங்கள். கிஜெசு என்று கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள். உள்ளே நுழைந்து நடுப்பீடத்தை நோக்கி நடந்தால், சிலுவைக் கிளைபோல இருபுறமும் இரண்டு பெரிய பீடங்கள் ஒன்றையொன்று பார்த்து நிற்கின்றன. இடப்புறத்துப் பீடத்தின் கீழே இஞ்ஞாசியாரின் கல்லறை. வலப்புறத்துப் பீடத்தில், பொன் முலாம் பூசிய பேழைக்குள், கண்ணாடி வழியே தெரிகிறது கருத்து உலர்ந்த ஒரு முன்கை. நம் கடற்கரையில் களைத்துப்போன கை அது.